டெரிலீனும் வெள்ளாவியும்

தூத்துக்குடி பருத்தியால் வளர்ந்த ஊர். 1908இல் வ.உ.சி.யின் தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்ற கோரல் ஆலையும் பருத்தி நூற்பாலையே. பருத்தித் துணிக்கு ஏற்ற சலவை வெள்ளாவி. உவர்மண் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, அடுப்பிலேற்றிய பானைகளைச் சுற்றி அடுக்கி, இரவு முழுவதும் நீராவியில் அவிப்பார்கள். உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டு, அழுக்கின் எண்ணெய்ப் பசையைக் கழற்றிவிடும்.

இம்முறைக்குச் சோதனையாக வந்தது டெரிலீன். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் கண்டறிந்த பாலியெஸ்டர் இழை இது. பம்பாயை அடுத்த தாணாவில் 1965இல் 'டெரீன்' என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. பருத்தியுடன் கலந்தபோது டெரிகாட்டன் ஆயிற்று. கசங்காது, இரவில் துவைத்தால் காலையில் உடுத்தலாம். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். டெரிலீன் அரை விழுக்காடுகூட ஏற்காது. கடற்கரை ஊருக்கு இது பெரிய வசதிதான். ஆனால் வியர்வையையும் அது உறிஞ்சாது. உப்பளத்து வெயிலில் டெரிலீன் சட்டையோடு நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

இத்துணி ஏன் கசங்குவதில்லை? ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வரை அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் இடம் பெயராமல் இறுகி நிற்கின்றன. மடித்தாலும் வில்போல் மீள்கின்றன. அதற்கு மேல் சூடேறினால் சங்கிலிகள் நெகிழ்ந்து நகரும். அந்நிலையில் மடிந்து குளிர்ந்தால் மடிப்பு நிலைத்துவிடும். கால்சட்டையில் நீங்காத மடிப்பு வைப்பதும் இப்படித்தான். நீரில் ஊறிய துணிக்கு இவ்வெல்லை இன்னும் சற்றுக் குறைவு.

வெள்ளாவியின் வெப்பமோ 100 பாகை. போதாததற்குச் சூடான காரம் பாலியெஸ்டரைச் சிறிது சிறிதாக அரிக்கவும் செய்யும். கசங்காத துணி கசங்கி வந்தால் பழி யார்மேல் விழும்? சலவைத் தொழிலாளிமேல்தான். பருத்திக்குத் தலைமுறைகளாகச் சரியாக இருந்த முறை புதிய இழைக்குப் பொருந்தவில்லை. அதில் அவருடைய குற்றம் ஏதுமில்லை. வீட்டிலேயே துவைத்துக் கொள்ளலாம் என்ற வசதி அவருடைய வருமானத்தையும் குறைத்தது.

அமெரிக்கச் சலவை இயந்திரங்களுக்கும் இதே தொல்லை நேர்ந்தது. அவை பருத்திக்காக அமைந்தவை: சுடுநீரில் அலசி, சூடு ஆறுமுன்பே வேகமாகச் சுழற்றிப் பிழியும். 25 செ.மீ. ஆரமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால், துணி தன் எடையைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு விசையுடன் சுவரில் அழுந்தும். நெகிழ்ந்த இழைக்கு இது இஸ்திரிப் பெட்டிதான். ஆனால் சுருக்கத்தைப் போக்காமல் பதிக்கும் பெட்டி! 1950களின் பிற்பகுதியில் இதற்கெனத் தனிச் சுற்று வந்தது. சுழற்றுமுன் குளிர்ந்த நீர்விட்டுச் சூட்டைத் தணித்தார்கள், வேகத்தையும் குறைத்தார்கள். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும்.

நம் நாட்டில் 1980களின் பிற்பகுதியில் இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் பரவின. அவற்றில் பெரும்பாலும் குழாய் நீரே ஊற்றப்பட்டது. தூத்துக்குடியில் அது 30 பாகை அளவுதான் இருக்கும். ஆகவே இங்கு அஞ்ச வேண்டியது சூட்டை அன்று. தொட்டியைத் துணியால் அடைப்பதும் நெடுநேரம் சுழற்றுவதுமே கசங்கலுக்குக் காரணம். சலவைத்தூளில் சேர்வதும் உவர்மண்ணிலிருந்த அதே சோடியம் கார்பனேட்டுதான். 1980களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலேயே உப்பிலிருந்து அதைச் செய்யும் ஆலை எழுந்தது. குளிர்ந்த நீரில் அது டெரிலீனை ஒன்றும் செய்வதில்லை.