கம்பியில்லா வலையும் கடைமடை கிராமங்களும்

"வயர்லெஸ்" என்ற சொல் பாதிதான் உண்மை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒருவர் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு செல்போனில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குரல் காற்றில் போவது பக்கத்து டவர் வரைக்கும்தான். மிஞ்சிப்போனால் சில கிலோமீட்டர். சில டவர்களில் இருந்து மைக்ரோவேவ் மூலம் இன்னொரு டவருக்குத் தாவலாம். ஆனால் எங்காவது ஓரிடத்தில் தரைக்குள் இறங்கி, தலைமுடி பருமனே உள்ள கண்ணாடி இழைக்குள் ஒளியாக மாறித்தான் கடல் தாண்ட வேண்டும். துபாயில் கடைசிச் சிறு தூரம் மட்டும் மறுபடியும் காற்று!

மேலூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பெரியாற்றுப் பெரிய வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் கிளை வாய்க்காலில் வரும். கிளையில் வந்தால்தான் கடைமடை வயலில் பாயும். கண்ணாடி இழைதான் பெரிய வாய்க்கால். கம்பியில்லா அலை, வயலுக்குள் நுழையும் கடைசி மடை.

கண்ணாடிக்குள் ஒளி வந்த கதை

ஒளியில் குரலை ஏற்றி அனுப்பும் ஆசை பழையது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1880லேயே சூரிய ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பிக் காட்டினார். ஆனால் மேகமும் மழையும் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒளிக்கு ஒரு குழாய் தேவைப்பட்டது.

அந்தக் குழாய்க்குக் கண்ணாடி இழை சரிப்படும் என்ற திசையில் முக்கியமான வேலை செய்தவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. 1954ல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, இழைக்கற்றை வழியாக ஒரு உருவத்தை அனுப்பிக் காட்டினார். "ஃபைபர் ஆப்டிக்ஸ்" என்ற பெயரைப் பிரபலமாக்கியவரும் அவரே.

ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டரிலேயே செத்துவிடும். கண்ணாடியில் உள்ள அழுக்குதான் காரணம், அதை நீக்கினால் இழை வழியே செய்தி அனுப்பலாம் என்று 1966ல் எழுதினார் சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பது அவர் வைத்த இலக்கு. 1970ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த இலக்கைத் தாண்டியது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போனபிறகும் பாதி ஒளி மிச்சம் இருக்கும். காவுக்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்குக் கிடைக்காதது பலருக்கும் வருத்தம்.

இந்தியாவில் 1979ல் புனே நகரில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கக் கண்ணாடி இழை வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டி, தாலுகா தலைநகரங்களின் எக்ஸ்சேஞ்சு வரைக்கும் தொலைபேசித் துறை இழை பதித்தது. அதற்கு அப்பால் இருந்த கிராமங்களுக்கோ செப்புக் கம்பிதான். பல ஊர்களுக்கு அதுவும் இல்லை.

மேலூரில் நடந்த சோதனை

இங்கேதான் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் ஒரு கணக்குப் போட்டார்கள். இழை தாலுகா தலைநகரம் வரை வந்துவிட்டது. பெரும்பாலான கிராமங்கள் அங்கிருந்து 25 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. அந்தக் கடைசித் தூரத்தை மட்டும் காற்றில் தாண்டினால் என்ன?

இதற்கு அவர்கள் பயன்படுத்தியது, தாங்கள் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். எக்ஸ்சேஞ்சு இருக்கும் ஊரில் ஒரு டவர், கிராமத்தில் ஒரு கம்பத்தில் சின்ன ஆன்டெனா. நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் எட்டும், இடையில் ஒரு ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர். வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது பெரிய விஷயம்.

2001 நவம்பரில் மேலூர் தாலுகா கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கத் தொடங்கின. 'சாரி' என்று அழைக்கப்பட்ட இத்திட்டத்தில் ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருந்தன. என்-லாக் என்ற நிறுவனம் இணைப்பைக் கொடுத்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு வெப் கேமரா. அவ்வளவுதான் மையம். பிறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஊரிலிருந்தே தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சலில் மனு போனது. கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு மேலூருக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பல மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. அரசுச் சேவைகளுக்கு ஆர்வம் காட்டிய அதிகாரிகளின் தொடர்ந்த ஆதரவு இல்லாமல் அவை நின்றுபோயின. கடன் வாங்கி மையம் நடத்திய தனியாட்களுக்கு வருமானம் கட்டவில்லை. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை போன்ற, ஊரோடு உறவுள்ள அமைப்பின் மையங்கள் அதிக நாள் தாக்குப்பிடித்தன என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது.

தேனியில் இன்னொரு வழி

அரவிந்த் மருத்துவமனை விடவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தது. வீட்டுக்குள் சில மீட்டர் எட்டும் அதே வைஃபை, திசை பார்க்கும் ஆன்டெனாவும் மாற்றிய மென்பொருளும் சேர்ந்து 15 கிலோமீட்டர் வரை எட்டியது. கிராமத்தில் இருக்கும் நோயாளி தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். பெரிய தொல்லை அலையில் வரவில்லை, கரண்டில் வந்தது! ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளை அடிக்கடி கெடுத்தது.

இரண்டு முனைகளும் பக்கத்திலேயே இருந்ததால் தேனியில் இது முடிந்தது. உலகத்தோடு பேச வேண்டுமானால் மறுபடியும் இழையைத்தான் தேட வேண்டும்.

இழை எங்கே முடிகிறது?

2011ல் மத்திய அரசு எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகத் திட்டம் போட்டது. 2015ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான வேலையை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் ஏற்றது. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபின் இழையின் தேவை கூடியதே தவிர குறையவில்லை. டவருக்குப் பின்னால் இருக்கும் பாதை குறுகலாக இருந்தால், போனில் 5ஜி என்று காட்டினாலும் வீடியோ சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தெருமுனை கேமரா, மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார் என்று கருவிகள் பெருகப் பெருக, எல்லாவற்றின் சுமையும் கடைசியில் அந்த முடியளவு இழையில்தான் ஏறும்.

ஒரு ஊருக்கு இணையம் வந்துவிட்டதா என்று கேட்கிறவர்கள் டவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். குனிந்து, இழை எந்த ஊரில் முடிகிறது என்று பார்ப்பதே சரி. கூடவே 2001 மேலூரின் பாடத்தையும் மறக்கக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. மடையைத் திறந்துவிட, ஊரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.