விசைப் பேசியும் தமிழெழுத்தும்

கையகலக் கருவியில் அரிசி மணிபோல் எழுத்து விசைகள் பதித்திருந்த கைப்பேசிகளை வாசகர் மறந்திரார். இரு கட்டைவிரல்களாலும் 'டிக், டிக்' என்று அமுக்கி, நடந்துகொண்டே கடிதம் எழுதிய காலம் அது. இற்றைக்குப் பதினைந்து ஆண்டுகளே ஆயினும், ஏதோ பாட்டன் காலத்துச் செய்திபோல் அதனை இப்போது பேசுகின்றனர். 2023இல் பிளாக்பெரியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வைத்து ஒரு திரைப்படமே வெளிவந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விசையில்லா ஐபோனின் அடியிற் பூட்டிக்கொள்ளத்தக்க விசைப்பலகையொன்று 'கிளிக்ஸ்' என்னும் பெயரால் அறிமுகமாயிற்று. கிள்ளானில் நம் நண்பர் ஒருவர், உயிரற்றுப்போன பழங் கருவியொன்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றார். நாள்தோறும் ஒருமுறை எடுத்து விசைகளைத் தடவிப் பார்த்துவிட்டு மூடுகின்றார். நகைப்பதற்கில்லை, நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் இந்த ஏக்கத்தில் தமிழராகிய நமக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று ஒருமுறை கணக்குப் பார்த்தல் வேண்டும். கணக்குப் பார்ப்பது கிராணியின் தொழிலன்றோ!

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. 1996இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 'கம்யூனிக்கேட்டர் 9000' என்பதை வெளியிட்டது. புறத்தே சாதாரணப் பேசி. மூக்குக்கண்ணாடிக் கூட்டைப்போல் திறந்தால் அகத்தே முழு விசைப்பலகை. எடை ஏறக்குறைய நானூறு கிராம். பையிலிட்டால் சட்டை ஒரு பக்கம் சாயும். 1999இல் கனடா நாட்டின் வாட்டர்லூ நகரத்து 'ரிசர்ச் இன் மோஷன்' நிறுவனத்தார் பிளாக்பெரியைக் கொணர்ந்தனர். முதலில் அதிற் பேச இயலாது. அஞ்சல் எழுதவும் படிக்கவுமே இயலும். மேசைமேல் பத்து விரல்களுக்கென அமைந்த பலகையை இரு கட்டைவிரல்களுக்கென்று சுருக்கியதே அவர்தம் திறமை. 2002இல் வந்த 5810இல் பேச்சும் சேர்ந்தது. பின்னர் நோக்கியாவின் இ61 2006இலும், இ71 2008இலும், பிளாக்பெரியின் கர்வ் 8520 2009இலும் வந்தன. முன்னர்ப் பெரிய உத்தியோகத்தர் இடுப்பில் மட்டும் தொங்கிய பொருள், புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கைமாறிய சரக்காகக் கிடைக்கலாயிற்று. நாம் முதற் சம்பளத்தில் ஒன்று வாங்கினோம்.

நாம் அப்போது வேலை பார்த்த செம்பனைத் தோட்டம் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையில் உள்ளது. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் காட்டுக்குள் செல்ல வேண்டும். வெட்டி அடுக்கிய குலைகளை எண்ணி, லாரி வருமுன் தொகையை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. கையிற் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு கையிற் குடை. அந்நிலையில் விசைப் பேசியின் அருமை தெரியும். விசை ஈரத்தை எண்ணாது, அமுக்கினாற் போதும். எந்த விசை எங்குள்ளதென்பதைக் கட்டைவிரலே அறிந்திருக்கும்; கண் குலைமேல் இருக்கலாம். இன்றைய கண்ணாடித் திரையோ விரலின் மின்னூட்டத்தைக் கொண்டு தொடுகையை அறிவது. மழைத்துளி விழுந்தால் அதனையும் விரலென்று மயங்கி, நாம் எழுதாத எண்ணைத் தானே எழுதும். கையுறை இட்டால் நம்மையே அறியாது. ஒரு தொழிலாளியின் கருவி என்று நோக்குமிடத்து, விசைப் பேசியே சிறந்தது என்பது நம் துணிபு. இதில் எவரோடும் வாதிட அணியமாயிருக்கின்றோம்.

நிற்க. நாம் அதில் எழுதியது எம்மொழி? அங்கேதான் கணக்கு இடிக்கின்றது.

அக்கருவியின் விசைகள் இருபத்தாறும் ஆங்கில எழுத்துக்கள். எழுதியதோ தமிழ். குலை என்பதைத் தோட்டத்தில் எவரும் குலை என்று ஒலிப்பதில்லை. 'கொலை' என்பதே பேச்சு. ஆகவே கே, ஓ, எல், ஏ, ஐ என்னும் ஐந்தெழுத்தாலேயே எழுதுவோம். 'இன்று இருநூற்றுப் பத்துக் கொலை' என்று நாம் அனுப்பிய செய்தியைக் கண்டு, ஆபீசுக்குப் புதிதாய் வந்திருந்த நகரத்துப் பிள்ளை நடுங்கிப் போனான். இது சிரித்து மறக்கத்தக்கது. லகர ழகர ளகரம் மூன்றுக்கும் ஓர் எழுத்து. நகர ணகர னகரம் மூன்றுக்கும் ஓர் எழுத்து. குறிலென்றும் நெடிலென்றும் இல்லை. பழம், பலம், பாலம் மூன்றும் ஒன்றே. பள்ளிக்கூடத்தில் ஆங்கில வழியிற் பயின்ற நம் போன்றோர்க்கு இது குறையாகவே தோன்றவில்லை. விரைவாக எழுதினோம், அதிற் பெருமையும் கொண்டோம்.

நம் தாயார்க்கோ அவ்விரைவு பயன்படவில்லை. அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை பயின்று, பின்னர்ப் பால்மரம் சீவச் சென்றவர். தமிழ்த்தாள் ஒன்றைக் கையிற் கொடுத்தால் தலையங்கம் முதல் மரண அறிவித்தல் வரை ஒரெழுத்து விடாது படிப்பார். ஆனால் மகன் அனுப்பிய ஒரு வரித் தமிழைப் படிக்க அண்டை வீட்டுப் பையனை அழைக்க வேண்டியிருந்தது. பையன் பள்ளியிலிருந்து திரும்பும்வரை செய்தி காத்திருக்கும். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நிகழ்ந்த ஹிண்ட்ராப் பேரணியை ஒட்டி நம் கைக்கு வந்த குறுஞ்செய்திகளும் அப்படிப்பட்டவையே. தோட்டத் தமிழரின் குறைகளைப் பேசிய செய்தியைத் தோட்டத்துத் தமிழ் மூதாட்டி படிக்க இயலவில்லை.

விசைமேல் எவ்வெழுத்தைப் பொறிப்பது என்பது நம்மவர்க்குப் புதிய வழக்கன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா என்பார், 1907இல் மலாயாப் பக்கம் பிழைக்க வந்தார். சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் எழுத்து வேலையில் அமர்ந்தார். அவரும் நம் போன்ற கிராணியே என்பதை வாசகர் கருதுக. நாள் முழுதும் ஆங்கில டைப்ரைட்டரை அடித்தவர்க்கு, தாய்மொழிக்கு இஃது ஏன் இல்லை என்ற எண்ணம் பிறந்தது. எண்ணம் எளிது, தமிழுக்கோ 247 எழுத்து. பொறியில் நாற்பத்துச் சொச்ச விசை. விசைக்கு இரண்டு உருவே இடம்பெறும். காலையும் கொம்பையும் தனியே பிரித்தால் பல எழுத்து அடங்கும். ஆனால் கு, கூ முதலிய உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றும் தனி வடிவின. மெய்யின் புள்ளியையும் இகரத்தின் விசிறியையும் என் செய்வது? இவை எழுத்தின் மேலேயே அமர வேண்டியவை.

விசை அடித்தவுடன் பொறியின் வண்டி ஓரிடம் நகர்வது வழக்கம். முத்தையா நகரா விசையைக் கையாண்டார். புள்ளியை அடித்தால் அது தாளிற் பதியும்; வண்டி நகராது. அடுத்து அடிக்கும் ககரம் அதே இடத்திற் புள்ளியின்கீழ் வந்து பொருந்தும். கையால் எழுதுகையில் எழுத்து முன், புள்ளி பின்; பொறியிலோ புள்ளி முன், எழுத்து பின். தமிழ்த் தட்டெழுத்துப் பயின்றோர் முதல் மாதம் முழுவதும் இதிலேயே தடுமாறுவர். வடிவங்கள் முடிந்தபின் அவற்றை எஃகில் வார்க்க அவர் ஜெர்மனியை நாட வேண்டியதாயிற்று. டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் தொழிற்சாலை தமிழ் எழுத்துடைய 'பிஜோ' பொறியைச் செய்து தந்தது. எழுத்து நம்முடையது, அச்சு அயலாருடையது. றா, ணா, னை, லை முதலியவற்றின் பழைய வடிவங்களை ஒழித்து, ஈ. வெ. ராமசாமி தம் 'குடி அரசு' ஏட்டில் 1935இல் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டதற்கும், அச்சுக்கோப்போர் படும் இந்தத் தொல்லை ஒரு காரணம். தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்க 1978 ஆயிற்று.

பொறியின் கதை இதுவாயின், கைப்பேசியின் கதையை ஊகிப்பது எளிது. விசையில் எழுத்தைப் பதிக்க அச்சு வேண்டும். அச்சுக்கு முதல் வேண்டும். முதலுக்கு வாங்குவோர் தொகை வேண்டும். அரபு எழுத்துப் பொறித்த பிளாக்பெரிகள் விற்பனைக்கு வந்தன. உருசிய எழுத்துப் பொறித்தனவும் வந்தன. தமிழ் பொறித்த ஒன்றை நாம் எக்கடையிலும் கண்டதில்லை. அதுமட்டுமோ! நம் கையிலிருந்த கருவிக்கு எவரேனும் தமிழெழுத்தில் செய்தி அனுப்பினால், வெறுங் கட்டங்களே வரிசையாய்த் தோன்றும்.

இந்நிலையை மாற்றியவரும் சிலாங்கூர்த் தமிழரே. கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே, லங்காட் ஆறு சூழ்ந்த தோட்ட நிலமாகிய கேரித் தீவோடு தொடர்புடைய குடும்பம் கவிஞர் முரசு நெடுமாறனுடையது. அவர் மகனார் முத்து நெடுமாறன் 1985இல் கணினிக்கென 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கினார். 2005 பொங்கலை ஒட்டி, சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு அவருடைய 'செல்லினம்' வெளிவந்தது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று கற்ற நமக்கு இது நாலாம் இனம்! பிளாக்பெரி போன்ற உயர்ந்த கருவிக்கென்று அன்று, சாதாரண எண்விசைப் பேசிக்கே தமிழெழுத்தை அது தந்தது.

இதிலுள்ள இடர் சிறிதன்று. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். யூனிக்கோடு தமிழாயின் 70 குறிகளே அடங்கும். புள்ளிக்கும் ஒரு குறி தேவைப்படுதலால், ஐந்தெழுத்துடைய 'வணக்கம்' ஏழு இடத்தை அடைக்கும். அதே கட்டணத்தில் ஆங்கில எழுத்துக்காரர் முழுக் கடிதம் எழுத, தமிழர் வணக்கம் கூறிப் பாதியில் நிறுத்த வேண்டியவர். இவ்வளவும் இருந்தும் ஒன்று நிகழ்ந்தது: எந்தத் தொழிற்சாலையின் அச்சையும் எதிர்பாராமல் தமிழ் விசைமேல் ஏறிற்று. முத்தையா டிரெஸ்டனுக்கு அனுப்பி வார்க்க வேண்டியிருந்த எழுத்து, இப்போது வார்ப்பின்றியே வந்தது.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டியபோது, விசைப் பேசிகளின் படங்களைத் திரையிலிட்டு, அவற்றின் விசைகள் தேவையிருப்பினும் இல்லாவிடினும் மாற்றமுடியாதவாறு ஒட்டிக்கிடக்கின்றன என்று குறை கூறினார். நம் தாயாரை அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் அந்தக் குறை நம் தாயாருடையதே. விசையைக் கண்ணாடியில் வரைந்த பின்னர், எவ்வெழுத்தை வேண்டுமாயினும் வரையலாமன்றோ? 2009இல் செல்லினம் ஐபோனுக்கும், 2012இல் ஆண்டிராய்டுக்கும் வந்தது. 2013இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7இலேயே தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தது. பிளாக்பெரியார் 2016இல் தாமே கருவி செய்வதை நிறுத்தினர்; அவர்தம் பழங் கருவிகளுக்குரிய பணிகள் 2022 ஜனவரி 4ஆம் நாளோடு நின்றன. நண்பரின் இழுப்பறைக் கருவி அன்று முதலே ஊமை.

2014இல் தாயார்க்கு மலிவான ஆண்டிராய்டு ஒன்று வாங்கிச் செல்லினத்தை ஏற்றிக் கொடுத்தோம். சென்னையில் 1999இல் வகுக்கப்பட்ட 'தமிழ் 99' பலகையில் உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். ககரத்தோடு இகரம் சேர்த்தால் 'கி'. அரிச்சுவடியிற் கற்ற முறையே. நாம் ஒரு முறைதான் காட்டினோம். நாம் இன்றும் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றும் அஞ்சல் முறையையே நாடுகின்றோம். அவரோ அதனைத் தீண்டுவதில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், செம்பனைக் காட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவருடைய முதற் செய்தி வந்தது. திரை நனைந்திருந்தது, நாலு முறை சட்டையில் துடைத்த பின்னரே திறந்தது. 'தம்பி, வீட்டுக் கொய்யாப் பழம் பழுத்துவிட்டது. அணில் கடிக்கிறது. சனிக்கிழமை வா' என்றிருந்தது. அரைமணி நேரம் ஒற்றை விரலால் எழுதினாராம். பழத்தில் ழகரம் சரியாக இருந்தது.