யோசேப்பு, சூசை, யூசுப், வளன்

வகுப்பு வருகைப் பதிவேட்டில் யோசேப்பு, சூசை, யூசுப் என்னும் பெயர்கள் அடுத்தடுத்து நின்றால், அவை ஒரே பெயரென்பது ஆசிரியர் பலருக்கே தோன்றுவதில்லை. சூசையைப் பிழையெனக் கருதி யோசேப்பு எனத் திருத்தியவர்களையும் நான் அறிவேன்.

மூலம் எபிரேயம். தொடக்க நூலின் 30ஆம் அதிகாரத்தில் ராகேல் தன் மகனுக்கு இப்பெயரை இடுகிறாள். இறைவன் இன்னொரு மகனையும் சேர்த்தருள்க என்பது அவள் வேண்டுதல். ‘சேர்த்தல்’ என்னும் வினையே பெயரின் அடி. முந்திய வசனத்திலோ, ஒலியால் அதனை ஒத்த ‘நீக்குதல்’ என்னும் வினை வருகிறது. மலடி என்ற இழிவு நீங்கிற்றாம்.

திருக்குர்ஆனில் அவர் நபி. அவர் பெயர் தாங்கிய 12ஆம் அத்தியாயம் 111 வசனங்களில் அவர் வரலாற்றையே தொடர்ந்து கூறுகிறது. கிறித்தவர்க்கு இப்பெயருடையார் மற்றொருவரும் உளர்: மரியாளின் கணவர். அவரைக் குர்ஆன் குறிப்பிடவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சூசையப்பர் என்பர். போர்த்துக்கீசியர் இப்பெயரின் முதல் உயிரை உகரமாகவே ஒலிப்பர். தமிழில் இல்லாத அவர்தம் மெய்யொலிகள் இரண்டும் சகரமாயின. ஆதலின் சூசை பிழையன்று, முறையான தமிழாக்கமே. 1726இல் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரோ ஒலியை விடுத்துப் பொருளைப் பற்றினார். தம் காப்பியத் தலைவனை ‘வளன்’ என்றார். சேர்வது வளர்வதுதானே!

சிங்கப்பூர்ப் பணத்தாளில் நாம் காணும் முதல் அதிபர் யூசோப் பின் இஸ்ஹாக்கின் பெயரிலும் ராகேலின் வேண்டுதல் மலாய் வடிவில் நிற்கிறது. அவர் தந்தையின் பெயரோ, ராகேல் மகனின் பாட்டனார் பெயர்.