முன்னும் பின்னும் அசையும் வாளின் கதை

தமிழில் வாள் என்னும் சொல் இரண்டு கருவிகளைக் குறிக்கும். போர்வீரனின் கையில் இருப்பதும் வாள். தச்சனின் கையில் இருப்பதும் வாள். முதலாவதைப் புகழ்ந்து பாடிய புலவர்கள் ஏராளம். இரண்டாவதன் வரலாற்றைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆயினும் நாடுகளின் தலைவிதியை மாற்றியதில் தச்சனின் வாளுக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்று கட்டடத் தொழிலாளரும் குழாய் பொருத்துவோரும் தீயணைப்புப் படையினரும் ஒரு மின்வாளைப் பயன்படுத்துகின்றனர். விசையை அழுத்தினால் அதன் முனையிலுள்ள ஒரு சாண் நீள அலகு முன்னும் பின்னுமாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 தடவைகள் வரை அசைந்து மரம், ஆணி, இரும்புக் குழாய் என எதிர்ப்பட்டதை எல்லாம் அரிந்துவிடும். றெசிப்ரொகேட்டிங் வாள் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்துக் கம்பனியொன்று 1951 இல் ஸோஸோல் என்ற வர்த்தகப் பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. எல்லாவற்றையும் அரியும் என்பது அப்பெயரின் பொருள். கருவி புதியதாயினும் அதன் தத்துவம் 1,700 ஆண்டுகள் பழமையானது.

துருக்கியில் பமுக்கலே என்னும் ஊரை அடுத்து ஹையராபொலிஸ் என்ற பண்டைய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கற்பேழையொன்றில், நீர்ச்சக்கரம் ஒன்று இரண்டு வாள்களை இயக்குவதாகச் சிற்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாள்கள் அரிந்தது மரத்தையன்று, கல்லை. சக்கரத்தின் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வளைதண்டும் இணைப்புத் தண்டும் அச்சிற்பத்தில் இடம்பெற்றுள்ளன. இவ்விரண்டும் சேர்ந்த பொறியமைப்புக்கு நாமறிந்த மிகப் பழைய சான்று இதுவே.

ஆயினும் அதன் பின்னரும் பல நூற்றாண்டுகளாக உலகின் பெரும்பகுதியில் மனிதக் கைகளே மரத்தை அரிந்தன. குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நிற்க மற்றவர் குழிக்குள் இறங்கி, நீண்ட வாளை மாறிமாறி இழுப்பர். குழிக்குள் நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் நாள் முழுதும் கொட்டும்.

இந்நிலையை மாற்றியவர் ஒல்லாந்து நாட்டில் உய்ட்கீஸ்ட் என்ற ஊரைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிசூன். 1593 இல் காற்றினால் இயங்கும் மர ஆலைக்கு உரிமம் பெற்ற இவர், அடுத்த ஆண்டிலேயே அதனைக் கட்டி முடித்தார். காற்றாலையின் சுழற்சியை வளைதண்டு ஏற்று, வாள்கள் பூட்டிய சட்டகத்தை மேலும் கீழுமாக அசைத்தது. ஒரே ஓட்டத்தில் ஒரு மரம் பல பலகைகளாயிற்று. கைவாளை விட ஏறத்தாழ முப்பது மடங்கு வேகம் என்று கணக்கிடப்படுகிறது. அம்ஸ்ரர்டாமுக்கு வடக்கே சான் ஆற்றங்கரை எங்கும் மர ஆலைகள் எழுந்தன. அவற்றின் அருகே கப்பல் கட்டும் தளங்கள் பெருகின. ரஷ்யப் பேரரசர் மகா பீற்றர் 1697 இல் கப்பற்கலை பயில வந்ததும் அங்குள்ள சாண்டாம் நகருக்குத்தான்.

இவ்விடத்தில் இக்கதை நம்முடைய கதையாகவும் ஆகின்றது. 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரின் கடல் வலிமைக்குப் பின்னால், பலகையை மலிவாகவும் விரைவாகவும் வழங்கிய இந்த ஆலைகளும் நின்றன. அவர்களின் போர்வாள் நம் கரையை அடைவதற்கு முன்னரே அவர்களின் மரவாள் வேலையைத் தொடங்கியிருந்தது.

ஆனால் பொறி வந்த இடமெல்லாம் அதற்கு வரவேற்புக் கிடைக்கவில்லை. இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் சார்ள்ஸ் டிங்லி என்ற வணிகர் காற்றினால் இயங்கும் மர ஆலையொன்றை நிறுவினார். 1768 மே 10 ஆம் திகதி, வேலை பறிபோகும் என அஞ்சிய மரமரியும் தொழிலாளர்கள் திரண்டு சென்று அதனை உடைத்தெறிந்தனர். அடுத்த ஆண்டே ஆலைகளைச் சேதப்படுத்துவோரைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிலாளர்களின் அச்சம் பொய்யன்று. அவர்களது தொழில் பின்னர் மெல்ல மெல்ல அழிந்தே போயிற்று.

பொறிவாளுக்கும் போட்டி வந்தது. முன்பின் அசையும் வாள் ஒரு திசையில் மட்டுமே அரியும். திரும்பும் அசைவு வீணாகும். வட்டவாளிலும் பட்டைவாளிலும் இவ்விழப்பு இல்லை. பட்டைவாளுக்கு 1808 இல் இங்கிலாந்தில் உரிமம் வழங்கப்பட்டபோதும், அலகின் இணைப்பு முறிந்துகொண்டே இருந்தமையால் அது பயனுக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. காலப்போக்கில் பெரிய மர ஆலைகள் பலவற்றில் பழைய சட்டக வாளின் இடத்தை இவ்விரண்டும் பிடித்துக்கொண்டன. ஆலையில் இடமிழந்த அந்த அசைவுதான் 1951 இல் தனிமனிதன் கையில் மீண்டும் உயிர்பெற்றது. சுவர் மூலையிலும் குழாய்களுக்கு இடையிலும் வட்டவாள் நுழையாது, இது நுழையும்.

இக்கருவியை வாங்க விரும்புவோர், இது தளபாடம் செய்யும் வாள் அன்று, பிரித்தெடுக்கும் வாள் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஆண்டில் சில தடவைகள் மரக்கிளை வெட்டவும் பழைய யன்னல் நிலையைக் கழற்றவும் ஓர் எளிய மின்கம்பி வகை போதும். ஏற்கனவே வேறு பற்றரிக் கருவிகள் இருப்பின் அதே பற்றரியில் இயங்கும் வாளே சிக்கனமானது. தொழிலுக்கு வாங்குவோர் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் அசைவு நீளமும் வேகக் கட்டுப்பாடும் உள்ளதைத் தேட வேண்டும். கனடாவிலிருந்து 120 வோல்ற் கருவியை ஊருக்குக் கொண்டுவந்தால் இங்குள்ள 230 வோல்ற் மின்சாரம் அதனை எரித்துவிடும்.

அலகின் தெரிவு கருவியின் தெரிவை விட முக்கியமானது. மரத்துக்கு அங்குலத்துக்கு ஆறு பற்கள் அளவிலும், ஆணி கலந்த மரத்துக்குப் பத்து முதல் பதினான்கு வரையிலும், மெல்லிய உலோகத்துக்குப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரையிலும் இருத்தல் நன்று. எப்போதும் மூன்று பற்களாவது பொருளைத் தொட்டபடி இருக்க வேண்டும். கருவியின் முன்தகட்டைப் பொருளோடு அழுத்திப் பிடிக்காவிடின் அது கையை உதறும். சுவருக்குள் மின்கம்பி செல்கின்றதா என்பதைப் பாராமல் அலகைச் செலுத்தலாகாது. நம் நாட்டு வீடுகளில் பரவலாகவுள்ள அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை இதனால் ஒருபோதும் அரியலாகாது. அத்தூசு புற்றுநோயை உண்டாக்குவது.

அன்று குழிக்குள் நின்றவரின் கண்ணையும் மூச்சையும் மரத்தூள் பதம் பார்த்தது. இன்று கருவியின் அதிர்வு விரல்களின் நரம்பையும் இரத்தக் குழாயையும் பாதிக்கின்றது. முதலில் விரல் மரக்கும், குளிரில் வெளுக்கும், முற்றிய பின் குணமாவது அரிது. 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் எட்டு மணிநேர வேலைநாளின் சராசரி அதிர்வுக்கு 5 என்னும் உச்ச எல்லையை விதித்தது. இவ்வகை வாள்களின் கையேடுகளில் அதனினும் மிகுந்த எண்களைக் காண்பது சாதாரணம். ஆகவே நாள் முழுதும் இதனைப் பிடித்து வேலை செய்யலாகாது. நாள்தோறும் இதனால் பிழைக்க வேண்டியவர், கடையில் விலையையும் வலுவையும் விசாரிப்பதற்கு முன்னர் கையேட்டைத் திறந்து அதிர்வின் அளவைப் பார்ப்பாராக.