மூச்சுப்பாதைப் பேணலும் பேராதனை மருத்துவ ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் அவற்றை ஆக்கிய மேனாட்டு அறிஞர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. சத்திரசிகிச்சையின்போதும் அவசர நிலைகளிலும் நோயாளியின் மூச்சுப்பாதையைக் காக்கும் கலையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலாம் உலகப்போரில் முகஞ் சிதைந்த வீரர்களின் சத்திரசிகிச்சைக்கென மகில் வளர்த்தெடுத்த மூச்சுக்குழல், 1943இல் மக்கின்ரொஷ் அறிமுகஞ் செய்த வளைந்த அலகுடைய குரல்வளைநோக்கி என அவ்வரலாறு படிப்படியாகக் கூறப்படும். அதில் கண்டிக்கு இடமுண்டா? உண்டு என்பதே எமது கருத்து. அவ்விடத்தைப் பெற்றுத் தந்தது ஒரு கருவியன்று; நோயாளியின் படுக்கையருகே செய்யப்பட்ட ஓர் அவதானிப்பு. அதனையும் அதனைத் தோற்றுவித்த சமூக நிலைமைகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

சமூகப் பின்னணி

இலங்கையின் இரண்டாவது மருத்துவபீடம் 1962இல் பேராதனையில் நிறுவப்பட்டது. அதன் மாணவரும் ஆசிரியரும் நோயாளரைச் சந்தித்த களம் கண்டி வைத்தியசாலை ஆகும். மரக்கறிச் செய்கையாளர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், நெல் விவசாயிகள் ஆகிய மூவகை உழைப்பாளரும் வந்து சேரும் இடமாக அது விளங்கியது. உயர்விளைச்சல் தரும் நெல்லினங்களோடும் மரக்கறிச் செய்கையின் பெருக்கத்தோடும் பூச்சிகொல்லிகள் கிராமத்துக் குடிசைகளுக்குள் வந்தன. பயிரைக் காக்க வந்த போத்தல், மனமுடைந்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதன் விளைவைப் பேராசிரியர் ஜெயரத்தினமும் அவருடன் பணியாற்றியோரும் 1982இல் உலக சுகாதார தாபனத்தின் இதழில் எண்களாக எடுத்துரைத்தனர். 1975 முதல் 1980 வரையான காலத்தில், ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சினால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர்; அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். பெரும்பான்மையோர் தாமாகவே நஞ்சை அருந்தியவர்கள். கணநேரச் சினமும் துயரமும் உயிரைப் பறிக்கும் செயலாக மாறியமைக்கு அந்நஞ்சின் கொடுமையே முதற்காரணம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருமுறை நிற்கும் மூச்சு

இந்நஞ்சுகளுள் முதன்மையானவை சேதன பொசுபரசுச் சேர்வைகள். நரம்பு தசைக்கு விடுக்கும் கட்டளையை அசற்றைல்கோலின் என்னும் பொருள் எடுத்துச் செல்கிறது. பணி முடிந்ததும் அதனைச் சிதைப்பது கோலினெஸ்தரேஸ் என்னும் நொதியம். சேதன பொசுபரசு அந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் உமிழ்நீரும் சளியும் பெருகி மூச்சுப்பாதையை அடைக்கின்றன, மூச்சுச் சிறுகுழாய்கள் சுருங்குகின்றன, நினைவு தப்புகிறது. அத்துரோப்பின் மருந்தினால் சுரப்புகளை வற்றச் செய்தல், சளியை உறிஞ்சி அகற்றல், வேண்டுமிடத்து மூச்சுக்குழல் இடல் என்பன இக்கட்டத்துக்குரிய சிகிச்சைகள். குழல் இடும்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் சக்சினைல்கோலினைச் சிதைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு நொதியமே. ஆதலால் நஞ்சுண்டவரிடத்தில் அம்மருந்தின் விளைவு நெடுநேரம் நீடிக்கும். மயக்கமருந்து வல்லுநரின் அறிவு நஞ்சு மருத்துவத்துக்கு இன்றியமையாததாகும் இடம் இது.

இம்முதற் கண்டத்தைத் தாண்டியவர் கண் விழிப்பார், பேசுவார், பிழைத்துவிட்டார் என்றே உறவினர் நம்புவர். அவருள் சிலரது மூச்சு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், நினைவு தெளிவாக இருக்கும்போதே மீண்டும் தளரத் தொடங்கியது. இந்த இரண்டாவது கண்டத்தைத் தனியானதொரு நிலையாக வரையறுத்தவர்கள் பேராதனை மருத்துவபீடத்தைச் சேர்ந்த நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய இருவர். முன்னவர் நரம்பியலில் ஈடுபாடு கொண்ட பொது மருத்துவர்; பின்னவர் மயக்கமருந்தியலாளர். 1987இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்த அவர்களது கட்டுரை பத்து நோயாளரைப் பற்றியது. கழுத்து, தோள், இடுப்புத் தசைகளும், முகத்தையும் கண்ணையும் இயக்கும் நரம்புகளும், மூச்சுத் தசைகளும் அவர்களிடத்துச் செயலிழந்தன. நால்வருக்கு உடனடியாகச் செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்தது. வாதம் 18 நாட்கள் வரை நீடித்தது. மூவர் இறந்தனர்.

உடனடி விளைவுக்கும், சில வாரங்களின் பின்னர் தோன்றும் நரம்பு நலிவுக்கும் நடுவே இது நிகழ்வதால் ‘இடைநிலை நோய்க்குறித்தொகுதி’ என அவர்கள் இதற்குப் பெயரிட்டனர். காலந்தாழ்த்தி வரும் அந்த நரம்பு நலிவைச் சேனநாயக்க முன்னரே அறிந்திருந்தார். 1977-78 காலப்பகுதியில் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ச் சிறுமியர் இருபது பேரளவில் கைகால் வலுவிழந்தனர். பூப்பெய்திய காலத்தில் அவர்களுக்கு ஊட்டப்பட்ட நல்லெண்ணெயில் திரைகிரெசைல் பொசுபேற்று கலந்திருந்தமையை அவரும் ஜெயரத்தினமும் கண்டறிந்து 1981இல் வெளியிட்டனர். கனிய எண்ணெய் அடைத்த கொள்கலன்களில் நல்லெண்ணெய் கொண்டுவரப்பட்டமையே காரணமாகலாம் என அவர்கள் கருதினர். பிந்திய நிலையை மலையகச் சிறுமியரிடத்துக் கண்ட அனுபவமே இடைநிலையைப் பிரித்தறியும் கண்ணைத் தந்தது எனக் கருத இடமுண்டு.

இவ்வாதம் முன்பு எவர் கண்ணிலும் படவில்லை என்பது எமது வாதமன்று. புனேயில் வாடியாவும் பிறரும் 1974இலேயே இதனையொத்த இரண்டாம் வகைக் குறிகளை விவரித்திருந்தனர். போதிய ஒட்சைம் மருந்து கொடுக்கப்படாமையின் விளைவே இது என வாதிட்டோரும் உளர். எனினும், காலவரையறை, தசைகளின் ஒழுங்கு, மின்னியற் சோதனை ஆகியவற்றை ஒருங்கிணைத்து, வைத்தியர் எதனை எப்போது எதிர்பார்க்க வேண்டும் என உரைத்தமையே பேராதனை ஆய்வின் தனிச்சிறப்பு.

அவதானிப்பின் பெறுமதி

1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, தொண்டையில் துளையிட்டுக் குழல் பொருத்தி, மருத்துவ மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்துக் கையால் காற்றூட்டினர். தசை மீளும்வரை மூச்சைத் தாங்கினால் உயிர் மீளும் என்பது அங்கு நிறுவப்பட்டது. இடைநிலை வாதமும் மீளக்கூடியதே. ஆயின் 18 நாட்கள் மூச்சைத் தாங்க இயந்திரமும் தாதியரும் வேண்டும். சிறிய வைத்தியசாலைகளில் அவை இல்லாத நிலையில், யாரை எப்போது பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவது என்பதே உயிர்ப் பிரச்சினை ஆகின்றது.

அதற்கு விடை மிக எளியதொரு குறியில் அடங்கியுள்ளது. மூச்சுத் தளர்வதற்கு முன்னர் கழுத்துத் தசை தளர்கிறது. நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாது. இச்சோதனைக்குக் கருவியோ பணமோ வேண்டியதில்லை. இலங்கை வைத்தியசாலைகளில் 376 நோயாளரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்றில், மூச்சுக்குழல் தேவைப்பட்ட 90 பேருள் 29 பேர் அனுமதிக்கப்படும்போது நலமாக இருந்து, 24 மணித்தியாலங்களுக்குப் பின்னரே அந்நிலையை அடைந்தமை கண்டறியப்பட்டது. ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்றால், பிழைத்தார் என எண்ணி அயர்வதன் ஆபத்து விளங்கும். சேனநாயக்கவும் கரல்லியத்தவும் பங்கேற்று 78 நோயாளரை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, வெளிக்குறிகள் தோன்றுமுன்னரே நரம்புத் தூண்டற் சோதனையில் மாற்றங்கள் புலப்படுவதைக் காட்டியது.

விடுதிக்கு வெளியே

மூச்சுக்குழல் ஒவ்வோர் உயிராகக் காப்பது. சட்டம் தொகையாகக் காப்பது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பதிவாளர் அலுவலகம், மருத்துவபீடத்துக்கு அண்மையில் கெட்டம்பேயிலேயே இயங்கி வந்துள்ளது. 1987ஆம் ஆண்டுக் கட்டுரை குறிப்பிட்ட நான்கு நஞ்சுகளுள் மொனோகுரொட்டொபோசும் மெதமிடொபோசும் 1995இல் தடைசெய்யப்பட்டன. டைமெதொயேற்றும் பென்தயனும் 2008 முதல் 2011 வரையான காலத்தில் விலக்கப்பட்டன. 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்குப் போரோ வேலையின்மையோ விளக்கம் தரவில்லை. கொடிய நஞ்சுகளின் நீக்கமே தருகின்றது என ஆய்வாளர் முடிவு கண்டனர்.

எனினும், நஞ்சருந்துவோர் தொகை அவ்வாறு குறையவில்லை. இறப்போர் தொகையே குறைந்தது. போத்தலை நோக்கிக் கையை நீட்டச் செய்யும் துயரம் இன்னும் வீடுகளில் இருக்கின்றது. ஆகவே விடுதியின் விழிப்பும் தளர்வதற்கில்லை. இரவில் நோயாளியருகே விழித்திருப்பவர்கள் தாதியரும் உறவினருமே. ஆங்கில இதழில் உலகுக்கு உரைக்கப்பட்ட இவ்வறிவு, தமிழிலும் சிங்களத்திலும் அவர்களைச் சென்றடைதல் வேண்டும். “தலையைத் தூக்குங்கள்” என்று நான்கு நாட்கள் இடைவிடாது கேட்டுப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு கிராமிய வைத்தியசாலையிலும் நிலைபெறும்போதே, இங்குள்ள உழைக்கும் மக்களின் துன்பத்திலிருந்து பெறப்பட்ட அறிவு அம்மக்களுக்கே மீளக் கையளிக்கப்பட்டதாகும்.