தொடக்க வட்டும் தொடக்க உரிமையும்: லினக்ஸ் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கணினியின் வரலாறு பொதுவாகப் புத்தாக்குநர்களின் வரலாறாகவும் பெருங் கம்பனிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்விசை பாயும் முதற் கணத்திற் பொறி யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றது என்னும் வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது. லினக்ஸ் பணிசெயல் முறைமையைக் கணினியில் முதன்முதல் உயிர்ப்பிக்கும் தொடக்க வட்டு, அவ்வினாவை ஆராய்வதற்கேற்ற பொருளாகும். அவ்வட்டினை ஆக்கும் கருவிகள் எவ்வாறு வளர்ந்தன, அவ்வளர்ச்சியில் எவருடைய உரிமை விரிந்தது, எவருடையது சுருங்கியது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியிலும் அதனைப் பின்பற்றி எழுந்த பொறிகளிலும், பயாஸ் எனப்படும் நிலையான செய்நிரல் வட்டின் முதற் கூறிலுள்ள 512 பைற்றுகளை நினைவகத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டை அவற்றிடமே ஒப்படைக்கும். அவற்றை எழுதியவர் யாரென அது வினவுவதில்லை. பொறியியல் எளிமை கருதி அமைந்த இவ்வேற்பாடு, பொறியை உடையவர் தாம் விரும்பிய கட்டளையை அதன் முதற் கட்டளையாக்கலாம் என்னும் உரிமையை, எவரும் பிரகடனஞ் செய்யாமலே நடைமுறையில் வழங்கிவிட்டது.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தமது முயற்சியை அறிவித்தார். செப்டெம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பை இயங்குநிலைக்குக் கொணர்வதற்கு மினிக்ஸ் என்னும் பிறிதொரு முறைமை கைவசம் இருத்தல் வேண்டும். 1992 ஜனவரியில் வெளியான 0.12 பதிப்போ இரு நெகிழ்வட்டுகளாகக் கிடைத்தது. ஒன்றில் முறைமையின் கருவும் மற்றதில் அடிப்படைக் கோப்புகளும் இருந்தன. அடுத்த மாதமே மான்செஸ்டர் கணிப்பு நிலையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க், நிறுவுதற்குரிய செய்நிரலுடன் கூடிய தொகுதியொன்றை வெளியிட்டார். 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தோன்றின. இவ்வட்டுகளைப் பலர் எம்.எஸ்.-டொஸ் இயங்கிய பொறிகளிலேயே, ரோரைட் என்னும் சிறு செய்நிரல் கொண்டு எழுதினர். பழைய முறைமையே புதியதன் பிறப்புக்குக் கருவியாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயத்தமான வட்டினைப் பிரதிசெய்வது ஒரு நிலை. தன் பொறிக்கேற்ற வட்டினைத் தானே ஆக்குவது அடுத்த நிலை. இங்கு எதிர்ப்பட்ட பெருந்தடை இடப்பற்றாக்குறையாகும். நெகிழ்வட்டொன்றின் கொள்ளளவு 1,474,560 பைற்றுகள் மாத்திரமே. ஆதலின் ஆக்குபவர் வன்தட்டிலோ நினைவகத்திலோ வெறுமையான கோப்பு முறைமையொன்றை அமைத்து, இன்றியமையாத செய்நிரல்களை மட்டும் அதில் இட்டு, அவை வேண்டிநிற்கும் நூலகக் கோப்புகளையுஞ் சேர்த்து, முழுவதையும் சுருக்கி வட்டில் எழுதினார். தொடங்கும்போது கரு அதனை விரித்து நினைவகத்தில் நிறுத்தியது. ஒரேயொரு நூலகக் கோப்பு விடுபடினும் முறைமை எழாது. 1990களில் வெளிவந்த யார்ட் என்னும் கருவித்தொகுதி, வட்டிற் சேரவேண்டியவற்றின் பட்டியலைக் கொண்டு அதனை ஆக்கியதுடன், இத்தகைய விடுபடல்களைச் சோதித்துங் கூறியது. அதனை நிறுவி ஒழுங்கமைத்தவர் தம் பொறியின் உள்ளமைப்பையே கற்றுக்கொண்டார் எனலாம்.

பற்றாக்குறை படைப்பாற்றலுக்கும் வழிகோலியது. டெபியனின் நிறுவல் வட்டையும் மீட்பு வட்டையும் ஒரே நெகிழ்வட்டில் அடக்கும் பொருட்டு, 1995இல் புரூஸ் பெரன்ஸ் பிஸிபொக்ஸ் என்னும் செய்நிரலை எழுதத் தொடங்கினார். பல கருவிகளின் பணியை ஒரே கோப்பினுள் திரட்டிய அப்படைப்பு, பின்னர் வீட்டு இணையச் சாதனங்கள் பலவற்றினுள்ளும் இடம்பெற்றது. வட்டொன்றின் வறுமையில் விளைந்த பொதுச்சொத்து வணிகப் பண்டத்தின் உறுப்பாயிற்று. மூல நிரலைப் பகிரும் கடப்பாடு நிறைவேற்றப்படவில்லையெனக் கூறி, பிஸிபொக்ஸை வளர்த்தோர் 2007 செப்டெம்பரில் மொன்சூன் மல்ரிமீடியா என்னும் கம்பனிக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு அவ்வாண்டிலேயே இணக்கத்தில் முடிவுற்றது. அக்கடப்பாட்டின் ஊற்றான பொது உரிமத்தின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பு, செய்நிரலைத் தொகுத்து நிறுவுதற்குரிய கட்டளைத் தொகுப்புகளையும் மூல நிரலின் பகுதியாகவே வரையறுக்கின்றது. நிறுவும் வழி மறைக்கப்படின் நிரலைத் தருவதாற் பயனில்லை என்னும் தெளிவு அவ்வரையறையில் அடங்கியுள்ளது.

1995இல் வகுக்கப்பட்ட எல் டொரிட்டோ நியமம் இறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்க வழிசெய்தது. 2000இல் கிளவுஸ் குனொப்பர் வெளியிட்ட குனொப்பிக்ஸ், நிறுவாமலே இயங்கும் முழு முறைமையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதன்பின் வந்த யூநெட்பூட்டின் (2007), ரூஃபஸ் (2011) ஆகியன, யூ.எஸ்.பி. சேமிப்பானில் தொடக்க ஊடகத்தை ஆக்குவதைச் சில அழுத்தங்களில் முடியும் பணியாக்கின. பயன்படுத்துவோர் தொகை பெருகுவதற்கு இது துணைபுரிந்தது. ஆக்கும் அறிவு கருவியினுள் மறைந்துபோனதும் இதன் மறுபக்கமே.

வட்டினை ஆக்குவது எளிதான அக்காலத்திலேயே, அதனைப் பொறி ஏற்குமா என்பது கேள்விக்குள்ளாயிற்று. 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவலான பாதுகாப்புத் தொடக்க முறை, கையொப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே ஏற்கின்றது. தீங்கிழைக்கும் நிரல்கள் தொடக்கத்திலேயே புகுவதைத் தடுப்பது அதன் நியாயமான நோக்கம். எனினும் பெரும்பாலான பொறிகளில் பதிக்கப்பட்ட திறவுகோல் மைக்ரோசொஃப்டினுடையதே. ஆகவே லினக்ஸ் வெளியீடுகள், மத்தியூ கறெட் உருவாக்கிய ஷிம் என்னும் இடைநிரலுக்கு அக்கம்பனியின் கையொப்பத்தையே பெறவேண்டியதாயிற்று. விண்டோஸ் 8 சான்றிதழ் விதிகளின்படி, இன்ரெல் வகைப் பொறிகளில் உரிமையாளர் இம்முறையை நிறுத்திவைக்க இடமிருத்தல் வேண்டும். ஆர்ம் வகைப் பொறிகளில் அதற்கு இடமளிக்கப்படவில்லை. விண்டோஸ் 10 (2015) காலத்தில் முன்னையவற்றிலும் அது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

512 பைற்றுகளை எழுதியவர் யாரென வினவாத பொறியிலிருந்து, கையொப்பத்தைக் கேட்கும் பொறிவரை வந்துள்ளோம். பாதுகாப்பா சுதந்திரமா என்று இதனைச் சுருக்குதல் தவறு. பூட்டு இருப்பது பிரச்சினையன்று. திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பதே பிரச்சினை. உற்பத்திச் சாதனத்தின் உடைமையும் அதன்மீதான கட்டுப்பாடும் ஒன்றல்ல என்னும் பழைய உண்மையை, தொடக்க வட்டின் இச்சிறு வரலாறு மீண்டும் உறுதிப்படுத்துகின்றது. பொறியை வாங்கியவர் தமது திறவுகோலைத் தாமே பதித்துக்கொள்ளும் உரிமை பேணப்படும்போதே, அப்பொறி மெய்யாக அவருடையதாகும்.