61 ஆட்டங்கள்

கொஸ்லந்தைன்னு சொன்னா வெளியில உள்ளவங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுற தியலும நீர்வீழ்ச்சி. மற்றது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையை மூடிய மண்சரிவு. இந்த உச்சத்துக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில நாங்க தினமும் எப்படி வாழ்ந்தோம்னு யாரும் கேட்டதில்லை. விளையாட்டு வரலாறும் இப்படித்தான் எழுதப்படுது. ஜெயித்தவர் இருப்பார், விழுந்தவர் இருப்பார், நடுவில் உள்ளவர் இருக்க மாட்டார்.

அப்படி நடுவில் உள்ள ஒருத்தரைப் பற்றித்தான் எழுதுகிறோம். பெயர் ரொபின் பாவா. ஐஸ் ஹொக்கி வீரர். பனியே விழாத ஊரில் இருந்துகொண்டு இது எதுக்குன்னு நீங்க கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க.

பாவா 1966இல் பிறந்த பஞ்சாபி வம்சாவளிக் கனேடியர். வளர்ந்தது கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் தீவிலுள்ள தன்கன் என்ற சின்ன நகரத்தில். அந்தப் பகுதியில் பஞ்சாபிகள் குடியேறியது மர ஆலை வேலைக்காக. தன்கனுக்குப் பக்கத்தில் 1917 வாக்கில் மாயோ சிங் என்பவர் மர ஆலை ஒன்றைத் தொடங்கினார். அதைச் சுற்றி உருவான குடியிருப்புக்குப் பிறகு தன்னுடைய பஞ்சாப் கிராமத்தின் பெயரையே வைத்தார்: பால்டி. ஆலையை நம்பி வீடு, வீட்டைச் சுற்றிக் காடு, நடுவில் ஒரு குருத்துவாரா. லயத்தில் பிறந்த நமக்கு இந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1907இல் இந்தியர்களிடமிருந்து வாக்குரிமையைப் பறித்தது. 1914இல் கோமகட்ட மாரு கப்பலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வாக்குரிமை திரும்பக் கிடைத்தது 1947இல். அடுத்த வருஷமே, 1948இல், இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அங்கே கதவு திறந்த நேரம் இங்கே மூடினார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கம்லூப்ஸ் பிளேசர்ஸ் என்ற இளையோர் அணிக்காக 1986-87 பருவத்தில் பாவா அடித்த கோல்கள் 57. அப்படியிருந்தும் வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். வருடாந்தத் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிறகு வொஷிங்டன் கெப்பிட்டல்ஸ் ஒப்பந்தம் போட்டது. 1989-90இல் அந்த அணிக்காக இறங்கியபோது, என்.எச்.எல்.லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல தலைப்புச் செய்தி. ஆனா அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது 5 ஆட்டம், ஒரு கோல். அடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. 1991-92இல் வன்கூவர் கனக்ஸுக்காக 2 ஆட்டம். 1992-93இல் சேன் ஹொசே ஷார்க்ஸுக்காக 42 ஆட்டம், 5 கோல். 1993-94இல் அப்போதுதான் தொடங்கியிருந்த மைட்டி டக்ஸ் அணிக்காக 12 ஆட்டம். எல்லாம் சேர்த்து 61 ஆட்டம், 6 கோல். மிச்ச நாளெல்லாம் ஃபோர்ட் வேன், போல்டிமோர், மில்வோக்கி என்று கீழ்மட்ட லீக் ஊர்களில் போனது. மேலே ஒருத்தருக்குக் காயம்னா கூப்பிடுவாங்க, அவர் குணமானா திருப்பி அனுப்புவாங்க. நம்ம பாஷையில் சொன்னால் இது கொந்தரப்பு வேலை. பெரட்டுக்கு வந்து நின்றாலும் முழுப்பேர் நிச்சயமில்லை.

ஹொக்கியில் முன்வரிசை வீரர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். அந்த மூவரை 'லைன்' என்பார்கள். அணிக்கு நாலு லைன். நம்ம 'லயம்' பிறந்ததும் இதே சொல்லிலிருந்துதான். முதல் லைன் கோல் அடிக்கும். நாலாவது லைனுக்குக் கிடைப்பது சில நிமிஷம், அதுவும் பெரும்பாலும் மோதுவதற்கும் அடிவாங்குவதற்கும். 57 கோல் அடித்த கையை அங்கே சண்டைக்குத்தான் பயன்படுத்தினார்கள். மைதானத்தில் நிற ரீதியான வசவுகளும் கேட்டன. கடைசியில் தலையில் பட்ட அதிர்ச்சிக் காயங்கள் 1990களின் முடிவில் அவருடைய ஆட்டத்தை நிறுத்தின.

பாவா அதிக ஆட்டம் ஆடிய அதே 1992இல்தான் முத்தையா முரளிதரன் கெத்தாராமவில் முதல் டெஸ்ட் ஆடினார். அவருடைய தாத்தாவும் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளி 800 விக்கெட் எடுத்தார். நாங்களும் அவரைப் பார்த்துத்தான் தோட்டத்து மைதானத்தில் பந்தைச் சுழற்றினோம். ஆனா யோசிச்சுப் பாருங்க: மலையகத்துப் பிள்ளைக்கு முன்மாதிரின்னு கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கு. 800க்கும் பூச்சியத்துக்கும் நடுவில் யாருமே இல்லாத மாதிரி பேசுறோம். அதனாலதான் மாகாண மட்டத்தில் வொலிபோல் ஆடிவிட்டு இப்போ கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணனை "ஒன்னும் ஆகலை"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுறோம்.

இந்தக் கதையை ஊர்த் தேத்தண்ணிக் கடையில் சொன்னபோது ஒரு தாத்தா கேட்டார்: "அப்போ அந்தப் பய ஜெயிச்சானா, தோத்தானா தம்பி?" எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "பேர் விழுந்துச்சில்ல. அது போதும்."

பாவாவுக்குப் பிறகு 1998இல் மேனி மல்ஹோத்ரா வந்தார், 2015இல் ஜுஜார் கைரா வந்தார். பாவாவுக்குக் கிடைக்காத நீண்ட காலம் மல்ஹோத்ராவுக்குக் கிடைத்தது. முதல் ஆள் கதவைத் திறப்பான், உள்ளே உட்கார நாற்காலி கிடைக்கணும்னு இல்லை. அவன் நின்றுகொண்டே ஆடிய 61 ஆட்டமும் வரலாறுதான். நம்ம ஊரிலும் அப்படி ஆடியவங்க இருக்காங்க. அவங்க எத்தனை ஆட்டம் ஆடினாங்கன்னு, இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.